சலவை அறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாள்

பெயர்: வெர்னா லோவன். வயது: 72. கணவர்: காலஞ்சென்ற ஆர்தர் லோவன். தொழில்: ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. முகவரி: 114, லார்ச் தெரு, பிராண்டன், மனிடோபா.

2025 பிப்ரவரி 14ஆம் தேதி முற்பகல், கான்ஸ்டபிள் டெரிக் பாஷ்லர் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்வதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். சனிக்கிழமை காலைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சம்பளமின்றி ஆங்கிலம் கற்பிக்கிறேன். எரித்திரியாவிலிருந்து வந்த செலாமாவிட் என்பவர் இரண்டு ஆண்டுகளாக என் மாணவி. அவர் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றின் சலவை அறையில் வேலை செய்கிறார். பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே துணி உலர்த்தும் இயந்திரம் தீப்பிடித்து, உடன் வேலை செய்யும் ஒருவரின் கை வெந்துவிட்டது. அதன் பிறகு விடுதி மேலாளர், செலாமாவிட்டின் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காவல்துறையிடம் கொடுத்தார் என்றும், அதைக் குற்ற ஒப்புதலாகக் கொண்டு அவர்மீது வழக்குப் பதிவதா என்று விசாரித்து வருகிறார்கள் என்றும் அறிகிறேன்.

அந்தத் தாள் இன்று என்னிடம் காட்டப்பட்டது. கையெழுத்து செலாமாவிட்டுடையது. பச்சை மையில் உள்ள திருத்தக் குறி என்னுடையது. அதில் ஆங்கிலத்தில் உள்ள மூன்று வாக்கியங்களின் பொருள்: ‘நான் பஞ்சுத்தூசியைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். இயந்திரத்தை ஓடவிட்டு மாடிக்குப் போயிருக்கக் கூடாது. யாராவது செத்துப்போயிருக்கலாம்.’

இந்த வாக்கியங்கள் எப்படி வந்தன என்று கேட்கப்பட்டதால் சொல்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் குட், மைட், மஸ்ட், ஷுட் போன்ற ஆங்கிலத் துணைவினைகளை நடத்துவேன்; ஒன்றை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்று காட்டுபவை அவை. பக்கத்து வீட்டு வாசலில் வண்டி இல்லையென்றால், அந்த வீட்டுக்காரர் வெளியே போயிருக்கலாம். பனியில் புதிய சக்கரத் தடம் இருந்தால், போயிருக்க வேண்டும். கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே, போனார். இதை மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். அதன் பிறகு, ‘செய்திருக்க வேண்டும், செய்திருக்கக் கூடாது’ என்று வருத்தத்தைச் சொல்லும் ‘ஷுட் ஹேவ்’ வரும். முதல் ஆண்டு, நீங்கள் செய்த ஒரு தவறை வைத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள் என்றேன். ஒன்பது பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்று முழுவதும் யாரும் எழுதவில்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இந்த வகுப்பில் எவரும் தன் தவறை எழுத வேண்டியதில்லை. என் தவறு ஒன்றைச் சொல்வேன், அதை எல்லோரும் ‘நான்’ என்று போட்டு எழுதுவார்கள்.

இவ்வாண்டு ஜனவரி 11ஆம் தேதி, 1994இல் என் வீட்டு நிலவறையில், துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்த பஞ்சுத்தூசி தீப்பிடித்ததைச் சொன்னேன். ஹொண்டூரஸ்காரரான எர்னான் என்ற மாணவர், “போன வருஷமும் இதே தீதானே டீச்சர்? புதுசா ஏதாவது தப்புப் பண்ணக்கூடாதா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், செலாமாவிட்டும் சிரித்தார். வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, தான் வேலை செய்யும் இயந்திரமும் அதே மாதிரிதான், தினமும் ஞாபகம் வர அந்தத் தாளை வேலையிடத்தில் ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். எனவே அது விடுதியில் நடந்த தீ விபத்துக்கு மூன்று வாரங்களுக்கும் முன்பே எழுதப்பட்டது. என் பாடக் குறிப்பேட்டையும், அதே மூன்று வாக்கியங்களை எழுதிய மற்ற ஆறு மாணவர்களின் தாள்களையும் ஒப்படைத்திருக்கிறேன். ஒரே தீயை ஏழு பேரும் மூட்டியிருக்க முடியாது.

அப்படியென்றால் சம்பவ நாளில் அவர் இயந்திரத்தைச் சுத்தம் செய்திருந்தாரா என்று கான்ஸ்டபிள் கேட்டார். செய்திருப்பார் என்று சொல்லவே எனக்கு ஆசை. ஆனால் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது. இந்தத் தாள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

கடந்த ஞாயிறன்று செலாமாவிட்டின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் ஊர் வழக்கப்படி காபிக் கொட்டையை வறுத்து, மூன்று முறை காய்ச்சி ஊற்றிக் கொடுத்தார். மேலாளர் தாளைக் காட்டியபோது ஏன் விளக்கம் சொல்லவில்லை என்று கேட்டேன். தாளைக் காட்டிய பிறகு பேசிப் பயனில்லை என்றார். அவருடைய ஊரில் அதிகாரிகள் அவர் அண்ணனை அழைத்து, தன் தவறைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்றும், போட்டார் என்றும், அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். நான் காவல் நிலையத்துக்குப் போய் அது என் தீ என்று சொல்லப்போவதாகத் தெரிவித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம் டீச்சர். உங்க பேரும் அந்தப் பேப்பர்ல வந்துடும். நான் சமாளிச்சுக்கறேன்” என்றார்.

ஆகவே பதிவு செய்யக் கேட்டுக்கொள்வது: 1994 மார்ச் மாதம் பஞ்சுத்தூசியைச் சுத்தம் செய்யாமல், இயந்திரத்தை ஓடவிட்டு மாடிக்குப் போனவள் நான். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். தருவதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். அதை நாளை வகுப்புக்கு எடுத்துப் போவேன். தன் தவறை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒருத்தி மறுநாள் காலையில் வந்து பாடம் நடத்துவதைச் செலாமாவிட் பார்க்க வேண்டும்.

மேலே உள்ளவற்றை நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
வெர்னா லோவன்