கோப்பையின் அடியில் பழம்

கோடைக்காலத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கடைக் குளிர்பானத்தைத் திறந்து நீட்டுவதை நான் மரியாதையாக நினைப்பதில்லை. பழம் நறுக்க வேண்டும். பீச் அதிகம் பழுத்திருக்கக் கூடாது. நறுக்கினால் துண்டு துண்டாக நிற்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரியைக் கழுவிய பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும், முன்பே கிள்ளினால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, கொஞ்சம் புதினா. சோடாவைக் கடைசியில் ஜாடியின் ஓரமாக விட வேண்டும். குடிப்பவர்களின் ஜாடியில் மட்டும் ஜின் சேரும்.

என் வீட்டில் இதை நான்தான் கலப்பேன், நான்தான் ஊற்றுவேன். நான் கோப்பையை எடுக்காமல் யாரும் எடுப்பதில்லை. குடித்து முடித்ததும் அடியில் தங்கும் பழத்தைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். மிச்சம் வைப்பது கலந்தவரை அவமதிப்பது. என் மாப்பிள்ளையும் இந்த வழக்கத்தை அறிந்தவர்தான்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நான் நீதிபதியாக இருந்த நாட்களில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைச் சரி செய்ய வந்தவரையே என் மகள் கட்டிக்கொண்டாள். பொறுத்துக்கொண்டேன். பிறகு அவர் குடித்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், குடித்த காலத்தில் அவரால் எங்களுக்கு வெளியில் ஒரு தலைகுனிவும் வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார், அங்கேயே விழுந்து தூங்குவார். மகள் உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அவருக்குக் காய்ச்சல் என்று வேலையிடத்துக்குப் போன் செய்வாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

குடியை நிறுத்திய பிறகுதான் அவர் கெட்டுப்போனார்.

குடியை விட்டவர்கள் வாராவாரம் நூலகத்து மாடியில் கூடுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள், யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். அவரும் அங்கே போகத் தொடங்கினார். என் தங்கைதான் வந்து சொன்னாள். எதையும் இனிக்க இனிக்கச் சொல்லியே குத்தத் தெரிந்தவள்.

"அண்ணா, உங்க மாப்பிள்ளை என்னமா பேசுறாராம் தெரியுமா? எங்க மாடி வீட்டுக்காரம்மா கேட்டுட்டு அழுதுட்டாங்களாம். மாமியார் பொணத்துக்குப் பக்கத்துலயே போதையில விழுந்து கெடந்தேன்னு சொன்னாராம். மாமனார் ஜட்ஜுன்னும் சொன்னாராம். என்ன தைரியம் பாருங்க."

என் மனைவி இறந்த அன்று அவர் அப்படிக் கிடந்தது உண்மை. துக்கம் தாங்காமல் மயங்கிவிட்டார் என்று வந்தவர்களிடம் சொல்லியிருந்தேன். அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள்.

அவரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"மாப்பிள்ளை, வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்."

"வெளிய சொன்னாத்தான் மாமா அது என்கிட்ட திரும்ப வராது." சிரித்தார். "லிஃப்ட் மாதிரிதான். கதவு திறந்திருக்கிற வரைக்கும் நகராது. மூடினீங்க, கிளம்பிடும்."

அடுத்த மாதம் நகரத்துப் பெரிய அரங்கில் பேச அவரை அழைத்திருந்தார்கள். மகளும் கூடவே மேடையேறப் போவதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். ஜாடிகள் இரண்டு. அவருடைய ஜாடியில் சாறும் சோடாவும் மட்டும். அவருடைய கோப்பைக்கான பழத்தை மட்டும் முந்தின நாளே ஜின்னில் ஊறவைத்து, உறைய வைத்திருந்தேன். அதன் மேல் ஐஸ், அதன் மேல் புதினா.

எதைக் குடித்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிப்பது அவர் பழக்கம். "என்னோடது தனிதானே மாமா?" என்று கேட்டார்.

"உங்க ஜாடியில ஒரு சொட்டு கிடையாது," என்றேன்.

முகர்ந்தார், குடித்தார், பிரமாதம் என்றார். பிறகு கரண்டியை எடுத்தார். முதல் துண்டைக் கடித்ததுமே அவருடைய தாடை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் என் கோப்பையைக் காலி செய்து மேசைமேல் வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள். மகள் அத்தையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் துப்பியிருக்கலாம். யாரும் அவர் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டு வழக்கத்தை மதித்து, எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், "இன்னும் இருக்கா மாமா?" என்று கேட்டார்.

இருந்தது. கொடுத்தேன்.

சமையலறையில் மகள் அவரை நெருங்கியதும் வாடையைக் கண்டுகொண்டாள்.

"குடிச்சீங்களா?"

"நானா குடிக்கல. உங்க அப்பாவைக் கேளு."

அவள் என்னிடம் வந்தாள். "அப்பா, இவர் ஜாடியில ஏதாவது கலந்தீங்களா?"

"அதுல நான் ஒரு சொட்டு ஊத்தலைம்மா."

அவள் அவரிடம் திரும்பினாள். "எங்க அப்பா வாயில பொய் வராது. குடிச்சதுமில்லாம அவர் மேலயே பழியப் போடுறீங்களா?"

அவர் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். என் மகள் பெட்டியோடு என் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அரங்கில் அவர் பேச்சை ரத்து செய்தார்கள்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், வேலைக்குப் போன கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்தவர், பெட்டி அந்த மாடியில் நிற்கிறதா என்று பார்க்காமல் காலை வைத்துவிட்டார். கடமையில் இருந்தபோது ஏற்பட்ட விபத்து என்று எல்லோரிடமும் சொன்னேன். அது கௌரவமான சாவு. அதை அவருக்குக் கொடுத்தது நான்தான்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுபடி கோடை வந்திருக்கிறது, அந்த அரங்கத்துக்காரர்களும் மறுபடி வந்தார்கள். மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள். "அவர் சொல்ல நெனச்சதை நான் சொல்லப் போறேன்பா. எல்லாத்தையும்," என்றாள்.

இந்த ஞாயிறு மாலை கூட்டம். மதியம் இங்கே சாப்பிட்டுவிட்டு நேராக மேடைக்குப் போகிறாள். குடித்துப் பழகாதவள், அந்த ருசியே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்றும் ஆகாது. லேசாகத் தள்ளாடினால் போதும், வாடை வந்தால் போதும். குடிக்கு எதிராகப் பேசக் குடித்துவிட்டு வந்தவள் சொல்வதை அந்த அரங்கில் யார் நம்புவார்கள்?

இந்த வருஷம் பீச் நன்றாக வந்திருக்கிறது. நறுக்கி ஊறவைத்துவிட்டேன். அவள் கோப்பையை முகர்ந்து பார்க்க மாட்டாள். அவளுடைய அப்பா பொய் சொல்லாதவர் என்று அவளுக்குத் தெரியும்.