முற்றத்தில் நின்றவர்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா அவர்களே! நோர்பரியிலிருந்தும் வெஸ்ட் ஈலிங்கிலிருந்தும் மழையை மதியாது லண்டனின் இந்தப் பிளேஸ்டோ மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுப்பைத் தோளிலும் சுமந்துவந்த தாய்மார்களே! இன்றைய நாடகத்தை நெறிப்படுத்திய அருமைநாயகியின் பணிவான வணக்கம்!

நாடகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நாற்காலியைப் பற்றிப் பேசப்போகிறேன்!

இந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோடையிலே, தேம்ஸ் நதியின் தென்கரையிலே, முதலாம் எலிசபெத் அரசி காலத்துப் பாணியில் எழுப்பிய வட்ட அரங்குக்கு மன்றத்தார் நாங்கள் போனோம். சுற்றிவர மூன்றடுக்கு மாடம். அங்கே கூரையுண்டு, இருக்கையுண்டு. நடுவிலே திறந்த முற்றம். அங்கே வானமுண்டு, நிற்க நிலமுண்டு! அந்நாளில் எளியவர்கள் முற்றத்தில் நின்றார்கள். பிரபுக்களோ மேடைக்குப் பின்புற மாடத்தில் அமர்ந்தார்கள். எதற்காக? பார்க்கவா? பார்க்கப்படவே! பட்டாடை அணிந்தவன் கண்டது நடிகனின் முதுகை. கால்கடுக்க நின்றவன் கண்டதோ முகத்தை!

என்ன அண்ணை, சிரிக்கிறியள்? ஓம், சிரிக்க வேண்டிய கதைதான்!

எங்களோடு மரியமலர் அக்காவும் வந்தார். ஊரில், போரிலே மகனைப் பறிகொடுத்த தாய். முழங்கால் வருத்தக்காரி. "அக்கா, மேலே போய் இருப்பமே?" என்றேன். "வேண்டாம் பிள்ளை, நான் கிட்ட நிண்டு பாக்கப்போறன்" என்றார். மேடை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மழை வந்தது, அக்கா அசையவில்லை!

காயம்பட்ட போர்வீரனாக ஓர் இளம் நடிகன் அவர் முன்னே சாய்ந்தான். ஆங்கிலத்தில் ஏதோ முனகிக் கையை நீட்டினான். அக்காவுக்கு வசனம் விளங்கவில்லை, வலி விளங்கியது! எட்டி அந்தக் கையைப் பிடித்தார். "பயப்பிடாதை தம்பி, நான் நிக்கிறன்" என்றார், தமிழிலே! அவன் வசனம் முடியும்வரை கையை விடவில்லை. ரயிலில் திரும்பும்போது அக்கா சொன்னார்: "என்ரை பிள்ளை போகேக்கை நான் பக்கத்திலை இல்லை. இண்டைக்குத்தான் அழ முடிஞ்சுது."

அன்பர்களே! தூரத்தில் இருத்தியிருந்தால் அந்தத் தாய்க்கு இது வாய்த்திருக்குமா?

இதோ, இந்த மண்டபத்தைப் பாருங்கள்! முன்வரிசைகளுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பிரமுகர்களுக்காம்! பிரமுகர்களைக் காணவில்லை, மரியமலர் அக்கா கடைசிக் கதவோரம் நிற்கிறார்!

செயற்குழுவின் தீர்மானம் என்கிறார் தலைவர். ஐயா, தீர்மானத்தை மதிக்கிறேன். அதைவிட மக்களை மதிக்கிறேன். அந்தக் கயிறு அவிழும்வரை திரை விலகாது! யார் வந்து சொன்னாலும் விலகாது!

ஐயா எழும்புறார்... ஐயா, நீங்களே அவிழ்க்கிறியளோ? நன்றி ஐயா, நெஞ்சார்ந்த நன்றி! கைதட்டுங்கள் சபையோரே!

வாருங்கள், பின்னால் நிற்பவர்களே, முன்னே வாருங்கள்! கதிரை போதாவிட்டால் நிலத்தில் இருங்கள். நிலமும் போதாவிட்டால் மேடையைத் தொட்டு நில்லுங்கள்! பிந்தி வரும் பிரமுகர்களுக்கும் இடமுண்டு, கதவோரத்தில்!

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம். செபமாலைமுத்து, திரையை இழு!