ஐயாவு அண்ணனை நாற்காலியிலிருந்து எழுப்பும் மடல்

உருக்கை அறுக்கும் முனைகள் உராய்ந்து தேய்வதை முப்பத்தோராண்டு முகஞ்சுளிக்காமல் அளந்த முதன்மை மேற்பார்வையாளரே! சிம்பாங் பூலாய் கருவிச் சோதனைக் கூடத்தின் செல்வமே! எங்கள் பொறுமையைச் சோதித்த பெருந்தகையே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழா மண்டபத்தில் படிக்க வேண்டிய மடலை, நீங்கள் வர மறுத்ததால், நுண்நோக்கிக்குப் பக்கத்தில் நின்று படிக்கிறோம். பிரியாணி ஆறிவிட்டது.

முதல் மடலில் 'தேயாத வைரமே' என்று விளித்தோம். "வைரம் இரும்புல உரசுனா சீக்கிரம் தேஞ்சிடும்லா, பொய் எழுதாதீங்க" என்று சிவப்பு மையால் அடித்துத் திருப்பினீர்கள். பாராட்டுக்கும் ஆதாரம் கேட்டால் நாங்கள் எங்கே போவது?

வறண்ட காற்றில் ஒரு முறை, எண்ணெயில் ஒரு முறை, ஈரக்காற்றில் ஒரு முறை என்று ஒவ்வொரு முனையையும் ஓட்டினீர்கள். ஈரக்காற்று மாறிவிடும் என்று ஏர்கோனை நிறுத்தி எங்களைப் புழுங்க வைத்தீர்கள். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து! ஆனாலும் உங்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. அதனால்தான் பொறுத்தோம்.

கடைசியாக, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான ஒரு போரான் நைட்ரைடு முனையைப் பிடித்துக்கொண்டீர்கள். தேய்மானம் புள்ளி மூன்று மில்லிமீட்டரைத் தொட்டால்தான் எழுவேன் என்றீர்கள். அதற்காக இரண்டு பிரிவு விழாக்களைத் தள்ளிப்போட்டீர்கள். வலக்கண் புரை அறுவைக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த இரண்டு நாள்களையும் தள்ளிப்போட்டீர்கள்.

இன்று காலை, நீங்கள் வருமுன் எங்களில் குமுதா அளந்தார், பிறகு தேவன் அளந்தார். இருவருக்கும் புள்ளி மூன்று ஒன்று. அதே முனையைப் பார்த்து நீங்கள் புள்ளி இரண்டு நான்கு என்று எழுதிவிட்டு, "இன்னொரு தடவ ஓட்டலாம்" என்றீர்கள். ஓட்டத் தொடங்கியதும் இயந்திரம் நின்றதே, மின்சாரம் போகவில்லை அண்ணே. தேவன்தான் நிறுத்தினார்.

முனை தேய்ந்துவிட்டது. உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. உங்கள் பார்வை மங்குவதைச் சொல்ல வாய் வராமல் மூன்று வாரம் தவித்தோம், கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வெளியே உங்கள் துணைவியார் நவமணி அக்கா மருத்துவமனை அட்டையோடு காரில் காத்திருக்கிறார். "இவரு கண்ணு போச்சுன்னா நான் என்னா பண்றது?" என்று எங்களிடம் கேட்டார். பதில் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து எழுந்திருங்கள்!

தெளிந்த பார்வையோடும் திடமான உடலோடும் நெடுங்காலம் வாழுங்கள். முனையைப் பெட்டியில் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டோம். கண் ஆறியதும் வந்து நீங்களே அளந்து பாருங்கள். நாங்கள் சொன்னது தவறென்றால் இந்த மடலையும் சிவப்பு மையால் அடியுங்கள். அதுவரை இதற்குக் கண்ணாடிச் சட்டம் போட மாட்டோம்.

இப்படிக்கு,
புழுங்கியும் உங்களை விட்டுப் போகாத
சோதனைக் கூடப் பணியாளர்கள்