வராண்டாவில் போட்ட ஊசி

திங்கட்கிழமை காலை. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் கையில் மனுவோடு ஒரு பெரியவர். பக்கத்தில் பூமூட்டையோடு ஒருவர்.

"நாய்க்கடி ஊசிய நான் வராண்டாவுல நின்னுதான் போட்டுக்கிட்டேன். வராண்டா கவர்மெண்டு கட்டுனது."

"ஏண்ணே, ஊசி போட ரூம் இல்லையா?"

"இருக்கு. அத என் பங்காளி கட்டிக் குடுத்துட்டான். பாதி கவர்மெண்டு, பாதி ஊர்க்காரங்கன்னு கட்டுன ஆஸ்பத்திரில்ல. நான் அவன் வாசப்படிய மிதிச்சுப் பதினோரு வருசமாச்சு."

"பிரசவ ரூமு?"

"சுவரு மில்லுக்காரங்க, கட்டில் கோயில் கமிட்டி. அதுல ஒண்ணுமில்ல. ஆனா அவன் ரூமத் தாண்டித்தான் போகணும். என் மக பிரசவத்துக்கு அதத் தாண்டித்தான் உள்ள போனா. வலியில இருக்கவளுக்கு ஏது பங்காளி? முந்தாநாள் பேரன் பொறந்தான். எனக்குத்தான் வழியில்ல. என் செலவுல பின்னாடி ஒரு வாசல் வச்சுத் தாரேன்னு கலெக்டருக்கு எழுதியிருக்கேன்."

"அப்ப பேரன இன்னும் பாக்கலையா?"

"ஜன்னல் வழியாத் தூக்கிக் காட்டுனாங்க. அப்படியே என் மூக்கு."

பூக்காரர் மூட்டையை நகர்த்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல் யாரு குடுத்ததுண்ணே?"

பெரியவர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அத நான் விசாரிக்கல."