கிளம்பாத வண்டியும் மாமனார் கிண்ணமும்

— இன்னொரு வாட்டி செல்ஃப் அடி, புரெவ் தம்பி. காது குடுத்துக் கேக்குறேன்.

— அடிச்சு அடிச்சுக் கை மரத்துப்போச்சு, தாம்தின் அண்ணே. சுத்துது, பிடிக்க மாட்டேங்குது.

— சுத்துதுல்ல? அப்ப பேட்டரி நல்லாருக்கு. ஹீட்டர் பிளக்கும் சுடுது. என் பேச்சைக் கேளு, டீசல்தான் குளிருக்கு மெழுகா உறைஞ்சிருக்கு. டேங்குக்கு அடியில எரியுற நெருப்புல இன்னும் ரெண்டு காஞ்ச ஒட்டகச் சாணி தள்ளு.

— போதும்ண்ணே, இப்பவே வண்டி வாட்டின ஆடு மாதிரி இருக்கு. எங்கப்பா வீட்டுக்குப் போகணும், மேல போகணும்னு கேக்கல.

— சிம்கே, நீ உள்ள போய்க் கொழுக்கட்டையப் பாரு. இது ஆம்பளைங்க சமாச்சாரம்.

— கொழுக்கட்டை வெந்து, ஆறி, கல்லாப்போச்சு மனுஷா. வெள்ளை மாசம் பொறந்த புது வருஷத்தன்னிக்குப் பெரியவருக்கு முதல் வணக்கம் சொல்ல ஊரே போயாச்சு. நாம மட்டும் வண்டிக்கு வணக்கம் சொல்லிட்டிருக்கோம்.

— எனக்கு மட்டும் ஆசையில்லையா? இந்த வருஷமாவது உங்கப்பா கையால முதல் கிண்ணம் வாங்கணும்னு துடிக்கிறேன். போன வருஷம் என் பால் சாராயத்தை ஒரு வாய் வச்சுட்டு, கிண்ணம் கழுவின தண்ணியான்னு சபையில கேட்டாரே.

— அது தண்ணியாத்தான் இருந்துச்சு தம்பி. நானும் குடிச்சேன்.

— அதான் இந்த வாட்டி ரெண்டு தடவை காய்ச்சி வடிச்சேன். நேத்தே உன் தம்பி ஓத்கோன்கிட்ட ஒரு கேன் குடுத்தும் விட்டாச்சு. நான் போறதுக்குள்ள என் மானம் போய்ச் சேர்ந்திருக்கும்.

— சரி, உறையாம இருக்க டேங்குல மண்ணெண்ணெய் கலந்தியா இல்லியா?

— கலக்காம? நேத்து ராத்திரியே ஊத்தினேன், ஒரு கேன் முழுக்க.

— அப்ப ஏன் உறையணும்? தள்ளு, பில்டரைக் கழட்டிப் பாக்குறேன்... ம். அடியில தண்ணி மாதிரி நிக்குது.

— அண்ணே, அதை ஏன் நக்குறீங்க?

— சோதிக்கிறேன்மா. டீசல் வாடை இருக்கு. ஆனா... பொறு, இன்னொரு சொட்டு.

— என்னண்ணே, கண்ணை மூடிக்கிட்டீங்க?

— தம்பி, போன வருஷத்துக்கு இது நூறு மடங்கு தேவல. அருமையா வடிச்சிருக்க.

— என்ன சொல்றீங்க?

— உன் வண்டி போதையில இருக்குன்னு சொல்றேன். டேங்குல இருக்கிறது பால் சாராயம்.

— மனுஷா. கேன் ரெண்டும் ஒரே மாதிரி நீலக் கேன். ஒண்ணைத் துணி சுத்தி வைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

— அப்ப உங்கப்பாவுக்குப் போனது...

— மண்ணெண்ணெய். ஐயோ, அவரு எந்தக் கேனைத் திறந்தாலும் முதல்ல அடுப்புச் சாமிக்குன்னு தீயில ஒரு கை தெளிப்பாரே.

— போன் போடு. சீக்கிரம் போடு.

— அப்பா? நான்தான். நல்லாருக்கீங்களா? ... தெளிச்சாச்சா? ... ம். ... ம். ... புருவமா? ... ரெண்டுமா? ... இன்னும் இல்லப்பா, வண்டி செத்துக் கிடக்கு. ... சரிப்பா, சொல்றேன்.

— திட்டுறாரா?

— இல்ல. இந்த ஜென்மத்துல இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததில்லையாம். தெளிச்ச உடனே அடுப்பு கூரை வரைக்கும் எழும்பி ஆசீர்வாதம் பண்ணுச்சாம். புருவம் போனாப் போகுது, என் மாப்பிள்ளை ஆம்பளைதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு.

— மாப்பிள்ளைன்னு சொன்னாரா? என்னையா?

— உன்னையேதான். வடிச்ச கையே முதல் கிண்ணம் குடிக்கணுமாம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு வெள்ளிக் கிண்ணத்துல ஊத்தி மூடி வச்சிருக்காரு. உண்மையச் சொல்லிடட்டுமா?

— வேண்டாம் சிம்கே. இந்தப் பேரு இன்னிக்கு ஒருநாளாவது இருக்கட்டும். தாம்தின் அண்ணே, அந்த நெருப்பை அணைங்க. வண்டி கிளம்ப வேண்டாம்.

— என் பேச்சைக் கேளு, டேங்கை வடிச்சுட்டா அரை மணியில...

— வடிக்காதீங்கண்ணே, கும்பிடுறேன். சிம்கே, வண்டி செத்துப்போச்சு, வர வழியே இல்லைன்னு சொல்லிரு.

— அதை அப்பவே சொல்லிட்டேன். ஒட்டகத்துல கிண்ணத்தோட அவரே கிளம்பிட்டாரு.