ஏழாவது கிண்ணம்

மாலை ஆறே முக்கால். தேயிலைக் காட்டுக்குள் போகிற ஒற்றைத் தார்ச்சாலை. மூடுபனி. எதிரே ஒரு வண்டி கிடையாது. மகேனின் மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும்...

இப்படி ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான் தர்மா. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

மலைமேல் கியா பார்ம் என்கிற ஊரில், ருக்குமணி அக்காவின் காய்கறிக் கடைக்குள் நாங்கள் நான்கு பேர். அக்கா, லாரி ஓட்டும் புவனேஸ், தர்மா, நான். மலையிறங்கும் திரிங்காப் பாதையில் மரம் விழுந்துவிட்டது. லாரி நகராது. கரண்ட் போயும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாரல் அடிக்கிறது என்று அக்கா இரும்பு ஷட்டரைத் தரைவரை இறக்கி, உள்பக்கம் கொண்டி போட்டிருந்தாள். முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே ஒரே ஒரு மெழுகுவத்தி.

குளிர் எலும்பில் இறங்கியது. தர்மா தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பழைய துண்டால் இறுகச் சுற்றியது. ஆரஞ்சுப் பழ அளவு இருக்கும். தொட்டால் இதமான சூடு. ஆளுக்குக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தான். சுட வைத்த கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அந்தக் குளிரில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

தர்மா தொடர்ந்தான்.

மகேன் தர்மாவின் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். தானா ராத்தாவில் வயர்மேன். மகேனின் தங்கை விக்னேஸ்வரிக்கு ஒரு தேயிலை ஆலையின் பரிசோதனை அறையில் வேலை. தேயிலைத் தூளைச் சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்களில் போட்டு, சாம்பலாகும்வரை எரித்து, சாம்பலை நிறுத்துப் பார்த்துத் தரம் எழுதவேண்டும். எரிப்பதற்கு ஒரு மின் உலை.

"செங்கச் சூளை மாதிரியா?" என்றான் புவனேஸ்.

"மைக்ரோவேவ் மாதிரி பெட்டி லா. ஆனா உள்ள ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு ஏறும். உன் லாரி எஞ்சினே அதுக்குள்ள போனா கஞ்சியாயிடும்."

"என் லாரிய ஏன்டா இழுக்கிற?"

அக்கா சிரித்தாள். அன்று கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

உலை புதிது இல்லை. ஈப்போவில் மூடிப்போன ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வாங்கியது. அதைப் பொருத்தித் தர ஆலையில் கூப்பிட்டது மகேனைத்தான். இறக்கி வைத்ததும் முதலில் கதவைத்தான் பார்த்தான். கதவைத் திறந்தால் கரண்ட் தானாக அணைய வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. யாரோ அந்த சுவிட்சை அமுக்கிப் பிடித்தபடி கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்தாலும் உலை எரிந்துகொண்டே இருக்கும். கம்பி முழுக்கக் கரி.

கொண்டுவந்த லாரிக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அங்கே உலையைப் பார்த்துக்கொண்டவர் பெயர் சாமிநாதன். ஆறும்வரை பொறுக்காமல் முதலாளி விரட்ட, கொதிக்கிற உலையைத் திறந்திருக்கிறார். இரண்டு கையும், முகமும்... மூன்றாம் நாள் கட்டுகளோடேயே போய்விட்டாராம்.

மகேன் கம்பியை வெட்டி எறிந்தான். புது சுவிட்ச் வைத்தான். மர மேசையை அகற்றிவிட்டு சிமெண்டுத் திட்டு கட்டி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தான். உலைக்கென்றே தனி லைன், தனி பிரேக்கர், எர்த் கம்பி. புகை வெளியே போக ஒரு குழாய். முதல் நாள் நூறு டிகிரி, பிறகு இருநூறு, பிறகு முந்நூறு என்று நிறுத்தி நிறுத்தி ஏற்றினான். உலையின் உள்சுவர்க் கல்லில் ஊறியிருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கடைசியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். எண்ணெய், ஸ்பிரிட் பக்கத்தில் கூடாது. கையுறை இல்லாமல் தொடாதே. இருநூறுக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்காதே.

எல்லாம் எழுதினான். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

உலையின் முதுகில் ஒரு ஓட்டை. அதன் வழியே விரல் தடிமனில் ஒரு பீங்கான் குச்சி உள்ளே போகிறது. உள்ளே எத்தனை டிகிரி என்று அளந்து சொல்வது அந்தக் குச்சிதான். அது சொல்வதை வைத்துத்தான் உலை சூட்டை ஏற்றும், நிறுத்தும். அதைப் போய் யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

இரண்டு வாரத்தில் ஆயுத பூசை வந்தது.

ஆலை முழுக்கக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் மாவிலை கோத்த மஞ்சள் கயிறு. வேலப்பன் என்று ஒரு பெரியவர், கயிறு கட்டும் வேலை வருடா வருடம் அவருடையது. இலை உருட்டும் மிஷினுக்குக் கட்டினார். காய வைக்கும் மிஷினுக்குக் கட்டினார். உலைக்கு வந்தார். கதவுப் பிடி சுட்டுக் கயிறு கருகிவிடுமே என்று யோசித்தார். பின்பக்கம் போனார். குச்சி தெரிந்தது. கயிறு கட்ட இடம் பற்றவில்லை. நல்ல எண்ணத்தோடுதான்... குச்சியை ஒரு முழம் வெளியே இழுத்து, நுனியில் கயிற்றைக் கட்டி, அப்படியே விட்டுவிட்டார்.

"அட பாவி மனுசா," என்றாள் அக்கா மெதுவாக. பொட்டலத்தைப் புவனேஸிடம் நீட்டினாள்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு விக்னேஸ்வரி ஆறு கிண்ணங்களை உள்ளே வைத்தாள். சூடு ஐந்நூற்று ஐம்பதில் நிற்கும்படி எண்ணைத் திருகி வைத்தாள். பக்கத்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தாள். ஆறரை மணிக்கு எட்டிப் பார்த்தால், உலையின் முகப்பில் எண் இருபத்தாறு. வெறும் அறைக்காற்றின் சூடு. காலை ஏழு மணிக்குச் சரக்கு லாரி கிளம்புகிறது, அதற்குள் தரம் எழுதிய தாள் கையில் இருக்கவேண்டும் என்று ஆலைக் கணக்கெழுதும் கிராணி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணனுக்கு போன் செய்தாள்.

"அண்ணே, பர்னஸ் சூடே ஏறல. இருபத்தாறுலயே நிக்குது."

"ஃபியூஸ் ஏதாச்சும் போயிருக்கும். வந்து பாக்குறேன்."

"அப்ப கிண்ணத்தையெல்லாம் வெளிய எடுத்து வச்சிரவா? இந்தக் கணக்க முடிச்சிட்டு எடுத்துடுறேன்."

"எடுத்து வை," என்றான் மகேன்.

தர்மா இந்த இடத்தில் நிறுத்தி, பொட்டலம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டான்.

பாதி வழியில்தான் மகேனுக்கு உறைத்தது. அவனுடைய மோட்டார் சைக்கிள் ஹேண்டிலிலும் பூசைக் கயிறு. காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். முந்தின நாள் தங்கை அனுப்பிய போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. உலை, சந்தனப் பொட்டு, மஞ்சள் கயிறு... முதுகில் நீட்டிக்கொண்டிருந்த குச்சி.

குச்சியின் அளக்கும் நுனி ஓட்டைக்கு வெளியே வந்துவிட்டது. அது அளப்பது அறைக்காற்றை. உலைக்கு உள்ளே எத்தனை டிகிரி என்று உலைக்கே தெரியாது. நாலரை மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது.

கதவைத் திறந்தால் கரண்ட் நிற்கும். உள்ளே இருக்கும் அனல் நிற்காது. வெறுங்கையோடு, குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் திறப்பாள். திறக்கச் சொன்னது அவன்.

போனை எடுத்தான். சிக்னல் இல்லை. அந்தப் பாதையில் எப்போதும் கிடையாது. இன்னும் இருபது நிமிடம். முறுக்கினான்.

முதல் வளைவில் ஓர் ஆள் நடந்து போய்க்கொண்டிருந்தார். மகேனுக்கு முதுகு காட்டி. வலது கையில் நீளமான இரும்பு இடுக்கி. அதன் நுனி தாரில் உரசி... க்ரீச்... க்ரீச்... கடக்கும்போது முடி பொசுங்கும் வாடை. மகேன் நிற்கவில்லை.

அடுத்த வளைவு. முன்னால் அதே முதுகு. க்ரீச்... க்ரீச்... குறுக்குப் பாதையே இல்லாத சரிவு அது. அந்த மலையில் மனிதன் பறந்தால்தான் உண்டு. இந்தத் தடவை லைட் வெளிச்சம் நன்றாக விழுந்தது. விரல் நுனியிலிருந்து தோள்வரை, இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டு.

மூன்றாவது வளைவில் அவர் இல்லை. வாடை மட்டும் இருந்தது. பிறகு ஆலையின் கேட்.

விக்னேஸ்வரி வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக. தொறந்தியா, தொறந்தியா என்று மகேன் அதையே கேட்டான்.

"இல்லண்ணே. அதான் நீங்க ஆள் அனுப்பினீங்களே?"

"யாரு?"

"கையில கட்டு போட்டிருந்தாரு. நான் கதவுப் பிடிக்கு கைய நீட்டுறேன், பின்னாலருந்து வந்து மறிச்சிட்டாரு. 'ஆறட்டும்மா. ஆறினதும் நானே வந்து தொறக்குறேன்'னாரு. என்னைய வெளிய போகச் சொன்னாரு. உள்ளதான் உக்காந்திருக்காரு."

மகேன் உள்ளே போனான். யாரும் இல்லை. உலைக்கு முன்னால் ஒரு நாற்காலி, கதவைப் பார்த்துப் போட்டபடி. கதவு இடுக்கைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளை வெளிச்சம் கோடு போட்டிருந்தது. பெட்டியின் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது. முகப்பில் எண் இருபத்தெட்டு. பின்னால் மாவிலை கருகாமல் பச்சையாக ஆடியது.

ஓடிப்போய் பிரேக்கரைத் தட்டினான். தங்கையைக் கூட்டிக்கொண்டு விடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தான். கிராணியின் லாரி தாள் இல்லாமலே போனது.

காலையில் குச்சியை உள்ளே தள்ளிப் பார்த்தான். எழுபது டிகிரி. கையுறை போட்டு, ஒதுங்கி நின்று, கதவைத் திறந்தான். ஆறு கிண்ணங்களும் தரைக்கல்லோடு உருகி ஒட்டிப்போயிருந்தன. பின்னால், மூலையில், மூடி போட்ட ஏழாவது ஒன்று. கீறல்கூட இல்லை.

அவள் வைத்தது ஆறுதான். எண் எழுதி வைத்தது. இதில் எண் இல்லை.

மூடியைத் திறக்க மகேனுக்கு மனம் வரவில்லை. கண் காணாத இடத்தில் புதைத்துவிடலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று ஜன்னலில் வைத்தான். மத்தியானம் தொட்டான். சூடு. மறுநாள் தொட்டான். அதே சூடு. ஒரு வாரம் கழித்தும்...

"எட்டு மாசம்," என்றான் தர்மா. "ஆறவே இல்ல. போன மாசம் மச்சான் ஜொகூருக்கு வேலைக்குப் போனாரு. போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. ஆற மட்டும் விட்றாதடான்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

புவனேஸ் தன் மடியைப் பார்த்தான். துண்டுப் பொட்டலம் அவன் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது.

"டேய்..." என்றான்.

"கீழ வைக்காத. உன் காலப் புடிக்கிறேன், கீழ வைக்காத." தர்மா கும்பிட்டான். "இன்னைக்கு சாயந்தரத்துலருந்து சூடு இறங்குது. ஒத்தக் கையில தாங்கலடா. நாலு பேரு கைச்சூட்டுல விடியிற வரைக்கும் ஓட்டிடலாம்னு..."

புவனேஸ் அதை என் கையில் திணித்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றான். நான் இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பொத்தினேன். நெஞ்சோடு வைத்து அழுத்தினேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் சூடு இருந்தது. பிறகு கொஞ்சமும் கொஞ்சமாயிற்று. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி வெதுவெதுப்பும் வடிந்தது. ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது.

"என்னய்யா?" என்றாள் அக்கா.

"ஆறிடுச்சுக்கா," என்றேன்.

முடி பொசுங்கும் வாடை.

வெளியே மழை விட்டிருந்தது. கடை வாசலின் சிமெண்டுத் தரையில், தூரத்தில்... க்ரீச். ஒரு நிறுத்தம். க்ரீச். பக்கத்துக் கடையைத் தாண்டி வந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். க்ரீச்... ஷட்டருக்கு நேர் வெளியே வந்து நின்றது.

நான்கு பேரும் கொண்டியையே பார்த்தோம். கொண்டி அசையவில்லை.

என் கைக்குள், துண்டின் மடிப்புக்குள், கிண்ணத்தின் மூடி தானாக மெல்லத் திரும்பியது.