மூணு கைப் படகு

அம்மா: அசையாம உட்காருடி. காதுக்குப் பின்னாடி ஒரு கைப்பிடி பாசி. ஏரியையே தலையில அள்ளிட்டு வந்துட்டியா?

மகள்: ஐயோ... மெதுவா துவட்டும்மா. முடி எனக்கும் வேணும்.

அம்மா: முடி வேணுமாம். தண்ணிக்குள்ள போனப்போ உசுரு வேணும்னு தோணலையா?

மகள்: லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன்மா. முங்கணும்னு நினைச்சாக்கூட முங்க முடியாது.

தோழி: ஆன்ட்டி, நானும்தான் விழுந்தேன். என்னைத் துவட்டத்தான் ஆளில்ல.

அம்மா: நீயும் வா, நனைஞ்ச கொக்கு மாதிரி நிக்காம. இந்தத் துண்டைப் போத்திக்கோ. ஒத்தக் கையால துணியைப் பிழிஞ்சா சொட்டாம என்ன செய்யும்?

தோழி: ஒத்தக் கையால நான் பாதியாவது பிழிஞ்சேன். ரெண்டு கையை வச்சுக்கிட்டு உங்க பொண்ணு பிழியவே இல்லையே!

அம்மா: வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல. சரி, சொல்லுங்க. முகாம் கேட்டுக்குள்ள நுழையும்போதே 'உங்க பொண்ணு படகு கவுந்துடுச்சு'ன்னாங்க. எப்படிக் கவுந்தது?

மகள்: காத்து.

தோழி: அலை.

அம்மா: காத்தா? அலையா?

மகள்: காத்தடிச்சு... அலை வந்து...

தோழி: அலை வந்து... அதுக்கப்புறம் காத்து...

அம்மா: போதும் போதும். பையை எடு. வீட்டுக்குக் கிளம்பலாம்.

மகள்: அம்மா! நாளைக்கு எல்லாப் படகும் அக்கரைக்குப் போகுது!

அம்மா: போகட்டுமே. உங்க ரெண்டு பேரையும் படகு கத்துக்கொடுக்கிற மாஸ்டர் மோட்டார் படகுல கூட்டிட்டுப் போறாராமே. கொடி ஆட்டிக்கிட்டே போகலாம்னு...

தோழி: அதுதான் ஆன்ட்டி வயித்தெரிச்சலே!

மகள்: என் கையைப் பாரும்மா. துடுப்பு போட்டுப் போட்டுக் காய்ச்சுப் போச்சு. கவுந்த படகை நிமித்தி ஏறத் தெரிஞ்சவங்கதான் அக்கரைக்குப் போகலாம். மத்தவங்களுக்கெல்லாம் கவுத்து ஏறப் பழக்கினார். எங்க முறை வந்ததும்... 'உங்களுக்கு வேணாம் கண்ணுகளா'ன்னுட்டார்.

அம்மா: அவர் பயம் அவருக்கு.

மகள்: ஸ்கூல்ல வேணாம், பூங்காவுல வேணாம்... சரி. எங்களுக்குன்னே வச்ச முகாம்லயும் வேணாமா?

அம்மா: தலையைக் குனி, இன்னும் ஈரம் போகல.

மகள்: சொல்லும்மா.

அம்மா: உனக்குக் கால் அசையாது. இவளுக்கு ஒரு கை. ஆழத்துல கவுந்தா என்னடி பண்ணுவீங்க?

தோழி: அவ கை ரெண்டு, என் கை ஒண்ணு. உதைக்க என் கால். கணக்கு சரியாத்தானே இருக்கு ஆன்ட்டி?

மகள்: நிமித்திட்டோமேம்மா! நான் படகு முதுகு மேல குப்புறப் படுத்து அந்தப் பக்க விளிம்பை இழுத்தேன். இவ அதே விளிம்புக்கு அடியில தோளைக் கொடுத்துத் தூக்கினா. டப்புனு நிமிந்துச்சு!

தோழி: அப்புறம் ஏறினா பாருங்க... நண்டு தோத்துடும்!

மகள்: நீ மட்டும் என்னவாம்? உன்னை மூட்டை மாதிரி இழுத்துப் போட்டேன்.

தோழி: மூட்டைன்னாலும் உள்ள வந்து விழுந்துச்சில்ல?

மகள்: முதல் தடவைதான்மா வழுக்கிடுச்சு...

அம்மா: ரெண்டாவது தடவையும்தான். மூக்குல தண்ணி ஏறி என்னமா இருமினே.

மகள்: அது உனக்கெப்படித் தெரியும்? நீ இப்பதானே பஸ்ஸை விட்டு இறங்கினே?

அம்மா: நான் இறங்கினது இருக்கட்டும். காத்தா, அலையா?

மகள்: ...நாங்கதாம்மா. ரெண்டு பேரும் வேணும்னே ஒரு பக்கமா சாஞ்சோம். மாஸ்டர் கண்ணு முன்னாடியே கவுத்தோம்.

தோழி: திட்டறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டுங்க ஆன்ட்டி. யோசனை என்னுது.

மகள்: இல்லம்மா, என்னுது! ஆனா ஒண்ணு மட்டும் புரியல. அவர் படகுத் துறையிலேயேதான் நின்னார். நாலே கை வீச்சுல நீந்தி வந்திருப்பார். ஏன் குதிக்காம நின்னார்?

அம்மா: குதிக்கத்தான்டி போனார். அவர் சட்டையைப் பின்னாலேருந்து கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, 'தலை தண்ணிக்கு மேலதானே இருக்கு, இருங்க மாஸ்டர், ரெண்டும் ஏறிடும்'னு நின்னவ நான்தான். நீங்க ஏறி உட்கார்ந்தப்புறம்தான் சட்டையை விட்டேன்... 'நாளைக்கு இந்தப் புள்ளைங்களும் துடுப்புப் படகுலதான் வரும்'னு அவர் வாயால சொல்ல வச்சுட்டு.